விரித்தவள் எழுந்திருக்கக் கூடாது

புதன்கிழமை ராகு காலம் ஒன்றரைக்கு முடிந்தது. ஒன்று முப்பத்தைந்துக்கெல்லாம் ஒரு குடும்பம் செருப்பைக் கழற்றிவிட்டுப் பட்டுப் பிரிவின் வெள்ளை மெத்தைமேல் ஏறி உட்கார்ந்துவிட்டது, அதுவும் கோகிலவாணிக்கு நேர் எதிரே. கீழே ஏசிக் காற்றில் நின்று கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்திருப்பார்கள். இன்னும் ஒரு பத்து நிமிஷம் நின்றிருந்தால் இந்தப் புண்ணியவான்களுக்கு என்ன குறைந்துபோயிருக்கும். ஒன்றரைக்குத்தான் அவளுடைய சாப்பாட்டு முறை. சாப்பாடு கிடக்கட்டும், மொட்டைமாடிக்கு ஏறி, வேலை செய்கிற பெண்களுக்கென்று விட்டிருக்கும் அந்த ஒற்றைக் கக்கூஸுக்குப் போய் வந்துவிடலாம் என்று காலை பத்து மணியிலிருந்து அந்த ஒன்றரையைத்தான் நம்பிக்கொண்டிருந்தாள். சூப்பர்வைசர் செல்வராஜ் அண்ணன் சிரித்த முகமாய் வந்து, முகூர்த்தப் பட்டாம், நல்லபடியாகக் காட்டும்மா என்று சொல்லிவிட்டு நகர்ந்தார். முகூர்த்தப் பட்டு என்றால் அந்தக் கடையில் ஒரு சட்டம் உண்டு. முதல் சேலையை விரித்தவள், சேலை முடிவாகி மூலையில் மஞ்சள் வைக்கும்வரை இடத்தைவிட்டு எழுந்திருக்கக் கூடாது. விரித்தவள் எழுந்தால் வாங்க வந்த பார்ட்டியும் எழுந்துவிடும் என்பது பெரிய முதலாளி காலத்து நம்பிக்கை. எங்கேயும் எழுதி ஒட்டவில்லை, எல்லோருக்கும் தெரியும். போன வருஷம் பாதியில் எழுந்து போன ஒருத்தியை மறுநாளே லுங்கிப் பிரிவில் கொண்டுபோய் நிறுத்தினார்கள். லுங்கிப் பிரிவில் காலை முதல் கடை சாத்தும்வரை நின்றபடிதான் வேலை. நின்றால் இன்னும் மோசம், நின்றால் எல்லாம் கீழே இறங்கிவிடுகிற மாதிரி ஒரு கனம் வந்து உட்கார்ந்துகொள்கிறது, அதனால் இந்த மெத்தையை விட்டால் அவளுக்கு வேலையே இல்லை. விரிப்பதற்கு முன்பே, அண்ணா, அஞ்சு நிமிஷம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். எதற்கு என்று அவர் கேட்டிருந்தால்? அதற்குப் பயந்துதான் சொல்லவில்லை. வாங்கம்மா, என்ன கலர் பாக்கறீங்க என்று கேட்டபடி அரக்குச் சேலை ஒன்றை உருவி விரித்தாள். விரித்தாகிவிட்டது.

கல்யாணப் பெண் சௌமியா, அவளுடைய அம்மா, அக்கா ஹேமலதா, அக்காவின் மூன்று வயது மகள், ஆக நாலு பேர். பார்த்த மாத்திரத்தில் கோகிலவாணி மனசுக்குள் கணக்குப் போட்டாள். பெண் வாயைத் திறக்கவில்லை, அம்மா எதைப் பார்த்தாலும் இன்னொன்று காட்டச் சொல்வாள் என்று முகத்திலேயே தெரிகிறது, அக்காவுக்குக் குழந்தையைப் பிடிப்பதற்கே நேரம் சரியாக இருக்கிறது, ஒரு மணி நேரத்துக்குக் குறையாது. ஒரு மணி நேரம் தாங்குமா. காலையில் அரை டம்ளர் காப்பி, அதற்குப் பிறகு ஒரு சொட்டுத் தண்ணீர்கூட வாயில் படவில்லை, தொண்டை காய்ந்து நாக்கு மேலண்ணத்தில் ஒட்டுகிறது, தாங்க வேண்டும். உள்ளே இரண்டு பேடு, அதற்கு மேல் பழைய வேட்டித் துணி நாலாக மடித்தது, அதற்கு மேல் கருப்புப் பாவாடை. சீருடைச் சேலை மட்டும் இளநீலம். எந்த மகராசன் இந்த நிறத்தைத் தேர்ந்தெடுத்தானோ, ஒரு துளி பட்டாலும் கருநீலமாகக் காட்டிக்கொடுத்துவிடும். வாடை வருகிறதா என்று தலையைக் குனிந்து மூச்சை இழுத்துப் பார்த்தாள். மல்லிகைதான் வந்தது. மற்றவர்கள் ஒரு முழம் வைத்தால் அவள் இரண்டு முழம் வைக்கிறாள், கல்யாணம் உன் கஸ்டமருக்கா உனக்கா என்று செல்வராஜ் அண்ணன்கூட ஒருநாள் கேலி செய்தார், அவளும் சிரித்தாள். சத்தமாகச் சிரிக்கவில்லை. சத்தமாகச் சிரிப்பதை நிறுத்தி நாலைந்து மாசம் ஆகிறது. அந்தப் பச்சையக் காட்டும்மா என்றாள் பெண்ணின் அம்மா. பச்சை வலது பக்க அடுக்கில் மூன்றாவதாக இருந்தது. எட்டி இழுக்க வேண்டும், எட்டினால் வயிறு அமுங்கும், வயிறு அமுங்கினால். மூச்சைப் பிடித்துக்கொண்டு எட்டி இழுத்தாள், ஒன்றும் ஆகவில்லை. ஒன்றும் ஆகவில்லை என்பதே ஒரு பெரிய சந்தோஷம் மாதிரி நெஞ்சில் பரவியது. இருபத்து நாலு வயசில் ஒருத்திக்குச் சந்தோஷப்படக் கிடைத்த விஷயம் இதுதானா என்று உடனே அழுகையும் வந்தது.

பிரசவம் ஆகி ஆறு மாசம். பையன் மூன்றே முக்கால் கிலோ, பார்த்தவர்களெல்லாம் யானைக்குட்டி என்றார்கள், அவளுக்கும் பெருமையாகத்தான் இருந்தது. அந்த யானைக்குட்டி வெளியே வர ஒரு பகல் முழுக்க எடுத்துக்கொண்டான். இன்னும் முக்கு இன்னும் முக்கு என்று ஐந்தாறு குரல்கள், பிறகு தையல், எத்தனை தையல் என்று கேட்டதற்கு அதெல்லாம் உனக்கு எதுக்கு என்றுவிட்டார்கள். அம்மா வீட்டில் பதினோராம் நாள் அப்பாவின் பழைய வேட்டியைக் கிழித்து வயிற்றைச் சுற்றிக் கட்டினார்கள், அம்மா ஒரு முனை, சித்தி ஒரு முனை. இப்பக் கட்டலேன்னா வயிறு தொங்கிப்போயிரும், கட்டினவ காலேஜ் புள்ளையாட்ட இருப்பா என்று சொல்லிச் சொல்லி இறுக்கினார்கள். வயிறு உள்ளே போனது உண்மைதான். போன வயிறு எங்கே போகும், கீழே அல்லவா போகும், அதை யாரும் யோசிக்கவில்லை, அவளும்தான். இரண்டாம் மாசம் புருஷன் வீட்டுக்கு வந்த அன்றைக்கே குடத்தைத் தூக்கினாள். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், மோகன்ராஜ் அவனுடைய பட்டறை முதலாளி நடக்கிற மாதிரி நடந்து காட்டினான், கையைப் பின்னால் கட்டி, வயிற்றைத் தள்ளிக்கொண்டு. அவள் விழுந்து விழுந்து சிரித்தாள், சிரித்துக்கொண்டிருக்கும்போதே தொடை சுடச்சுட நனைந்தது. அவளால் நிறுத்த முடியவில்லை. நிறுத்து என்று உடம்புக்குச் சொல்கிறாள், உடம்பு கேட்கவில்லை, யாரோ வேறொருத்தியின் உடம்பு மாதிரி அது பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கிறது. அவன் பார்த்துவிட்டு, என்ன, பையனுக்குப் போட்டியா என்று சிரித்தான். அவன் கெட்டவன் இல்லை, ஒரு துணியை எடுத்து அவனே துடைத்தான், மறுநாள் மறந்தும் போனான். அவள்தான் மறக்கவில்லை. அதற்குப் பிறகு படுக்கையில் பையனுக்கு விரிக்கிற ரப்பர் ஷீட்டைத் தன் இடுப்புக்குக் கீழேயும் வருகிற மாதிரி இழுத்துப் போட்டுக்கொண்டாள். காலையில் ஈரம் இருந்தால், பையன் போய்ட்டான் என்று சொன்னாள். பாயில் ஈரம் என்றால் பையன், சேலையில் என்றால் பையன், மாமியார் முகத்தைச் சுளித்து வாடை என்றால் அதுவும் பையன். அவன் பொக்கை வாயைத் திறந்து சிரித்துக்கொண்டே எல்லாப் பழியையும் வாங்கிக்கொண்டான். சொல்லிச் சொல்லி அது இப்போது யோசிக்காமலே வாயில் வருகிறது.

இந்தப் பச்சையில பார்டர் கொஞ்சம் சின்னதா இருந்தா நல்லாருக்கும் என்றாள் பெண்ணின் அம்மா. சின்ன பார்டரை விரித்ததும் இதுக்குப் பெரிசே தேவலை என்றாள். சௌமியா இரண்டுக்கும் தலையாட்டினாள். கோகிலவாணிக்கு மூக்கு அரித்தது. புதுப் பட்டில் ஒரு கஞ்சி வாடை இருக்கும், விரிக்க விரிக்க மேலே எழும்பும், ஏசிக் குளிரும் சேர்ந்துகொண்டால் மூக்கு சும்மா இருக்காது. தும்மக் கூடாது. முகூர்த்தச் சேலைக்கு முன்னால் தும்மினால் சகுனம் ஆகாது என்பது ஒருபுறம் இருக்கட்டும், தும்மவே கூடாது. நாக்கை மேலண்ணத்தில் அழுத்தினாள், மேலுதட்டைக் கட்டைவிரலால் தேய்த்தாள், போனது. போகவில்லை, பின்னால் போய் நின்றுகொண்டது. பையனுக்கு ஊசி போடப் போன அன்றைக்கு ஆஸ்பத்திரியில் அந்த ரெஜினா சிஸ்டர் கேட்டாரே, வரிசையில் பத்துப் பேர் நிற்கிற இடத்தில், சத்தமாக, இருமினா தும்மினா ஒண்ணுக்கு வருதாம்மா என்று. பக்கத்தில் மோகன்ராஜ் பையனைத் தூக்கி வைத்துக்கொண்டு நிற்கிறான், பின்னால் யாரோ ஒருத்தியின் மாமனார்க் கிழவர் வேறு. இல்லீங்க என்று சொல்லிவிட்டாள். அந்தம்மா ஒரு பார்வை பார்த்துவிட்டு, இல்லேன்னாலும் கேட்டுக்க என்று ஆரம்பித்தார். பிள்ளையைச் சுமந்து சுமந்து கீழே இருக்கிற சதை தளர்ந்து கிடக்கும், அது நோயும் இல்லை கேவலமும் இல்லை, மூத்திரத்தை அடக்குகிற மாதிரி உள்ளே இழுத்து ஐந்து எண்ணி விடு, பத்துத் தடவை, நாளைக்கு மூன்று வேளை, மூன்று மாசம் விடாமல் செய், வயிற்றை இறுக்கிக் கட்டாதே, தண்ணீர் குடிக்காமல் இருக்காதே, அப்படியும் சரியாகவில்லை என்றால் தாராளமாக வந்து டாக்டரம்மாவைப் பார். கேவலம் இல்லை என்று அந்தச் சொல்லை எடுத்ததும்தான் அது எவ்வளவு கேவலம் என்று அவளுக்கு உறைத்தது. நாலு நாள் செய்தாள். எதை இழுக்கிறோம் என்றே தெரியவில்லை, அந்த இடத்தை நினைத்துக்கொண்டு எண்ணுவதே அசிங்கமாக இருந்தது, யாரோ பார்க்கிற மாதிரி, தனியாக இருக்கும்போதுகூட. ஐந்தாம் நாள் விட்டுவிட்டு, வேட்டித் துணியை இன்னும் ஒரு சுற்று இறுக்கிக் கட்டினாள். தண்ணீரையும் நிறுத்தினாள். சொன்னதற்கு நேர் எதிராக எல்லாவற்றையும் செய்துவிட்டு இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறாள், மகா புத்திசாலி. இப்போதாவது இழு. ஒன்று, இரண்டு. அக்கா, இது எத்தன ரூபா என்று கேட்டாள் சௌமியா. அன்றைக்கு அவள் பேசிய முதல் வார்த்தை. கோகிலவாணி சீட்டைத் திருப்பிப் பார்த்து விலையைச் சொன்னாள், சொன்னதில் எண்ணிக்கை விட்டுப்போனது.

குழந்தை இதற்குள் மெத்தையில் தவழ்ந்து தவழ்ந்து அவளருகில் வந்து, மடித்துப் போட்ட சேலைகளின்மேல் சாய்ந்து உட்கார்ந்துகொண்டது. இனியா என்று பெயர் சொன்னது. பால்வாடிக்குப் போவதாகச் சொன்னது. கேட்காமலே, நான் டயப்பர் போட மாட்டனே, ஒண்ணுக்கு வந்தா சொல்லிட்டுப் போவனே என்று கண்ணை விரித்துச் சொன்னது. ஹேமலதா சிரித்துக்கொண்டே, போன மாசத்துலருந்துதாங்க, ஊரெல்லாம் இதையே சொல்லிட்டிருக்கா என்றாள். சமத்து என்று கோகிலவாணி அதன் கன்னத்தைக் கிள்ளினாள். அந்தப் பெருமையைப் பார்க்கப் பொறாமையாக இருந்தது, மூன்று வயசுக் குழந்தையைப் பார்த்துப் பொறாமைப்படுகிற அளவுக்கு வந்துவிட்டாள். கடைசியில் அந்த முதல் அரக்கே திரும்பி வந்தது. எப்போதும் அப்படித்தான், நாற்பது சேலை பார்த்துவிட்டு முதலில் விரித்ததற்கே வருவார்கள். பெண்ணின் அம்மா முந்தியைக் கையில் தடவிக்கொண்டு, இதையே வெச்சுக்கலாமா கண்ணு என்றாள். சௌமியா முகம் மலர்ந்தது. முடிந்துவிட்டது, மஞ்சள் வைத்துவிட்டால் எழுந்துவிடலாம், மஞ்சள் கிண்ணத்துக்குக் கையை நீட்டினாள், அப்போதுதான் பின்னால் போய் நின்றிருந்த தும்மல் முன்னால் வந்தது. தொடையை இறுக்கினாள், வாயைப் பொத்தினாள், தும்மல் பாதி வெளியேயும் பாதி உள்ளேயுமாக வெடித்தது. கொஞ்சம் போனது. கொஞ்சம்தான், பேடு தாங்கும், தாங்கிவிட்டது. நிமிர்ந்து பார்த்தால் பெண்ணின் அம்மா முகம் சுண்டிப்போய்ச் சேலையைக் கீழே வைத்துவிட்டாள். ஒற்றைத் தும்மல். பொன்னை எடுக்கிற மாதிரி எடுத்த சேலை.

"இன்னொண்ணு தும்மிரு கண்ணு," என்று கிட்டே குனிந்து கெஞ்சுகிற மாதிரி சொன்னாள் அந்தம்மா. "ஒத்தையில நிக்கக் கூடாது. ரெட்டையாயிட்டா ஒண்ணுமில்ல. தும்மிரு."

நாலு பேரும் அவள் மூக்கையே பார்த்தார்கள். உலகத்தில் யாராவது யாரிடமாவது இப்படி ஒன்றைக் கேட்டிருப்பார்களா என்று அவளுக்குச் சிரிப்புக்கூட வந்தது. வராது, வரவே வராது, வரவைக்க மாட்டேன் என்று நினைத்த அதே நொடியில் வந்தது, முதலாவதைவிடப் பெரிசாக, தலை முழங்காலில் இடிக்கிற மாதிரி. பிறகு எதுவும் அவள் கையில் இல்லை. காலையிலிருந்து பிடித்து வைத்தது எல்லாம் சூடாக, நிதானமாக, வெட்கமே இல்லாமல் போனது. இரண்டு பேடும் நாலு மடிப்பும் என்ன செய்யும். அடித்தொடை, கணுக்கால், மெத்தை. நில், நில், நில். காது அடைத்துக்கொண்டது. ரெட்டையாயிருச்சு, நல்லதாப் போச்சு என்று அந்தம்மா சொல்வது எங்கோ தொலைவில் கேட்டது. வெள்ளை விரிப்பில் ஒரு சாம்பல் வட்டம் அவள் முழங்காலுக்குக் கீழிருந்து கிளம்பி அரக்குச் சேலையின் ஜரிகைப் பக்கமாகப் போய்க்கொண்டிருந்தது. சேலையை வெடுக்கென்று இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள், முகூர்த்தப் பட்டு, அதில் மட்டும் பட்டுவிடக் கூடாது. ஏம்மா இழுக்கற, அட, என்ன இது ஈரம் என்றாள் பெண்ணின் அம்மா. வாடை மேலே வந்தது. மல்லிகை அதை ஒன்றும் செய்யவில்லை.

"பாப்பா போயிருச்சு போலீங்க," என்றாள் கோகிலவாணி.

யோசித்துச் சொன்னதில்லை. நாலைந்து மாசமாக வீட்டில் சொல்வது, அப்படியே வந்துவிட்டது. சொன்ன பிறகுதான் யாரைச் சொன்னோம் என்று பார்த்தாள். அதற்குள் எல்லோருடைய முகமும் லேசாகிவிட்டது, குழந்தைதானே, குழந்தை என்றால் சகுனத்துக்குக்கூடக் குற்றமில்லை. சௌமியா சிரித்தாள். நான் போகல என்றது இனியா. ஏண்டி, சொல்லிட்டுப் போவேன்னு அத்தன பீத்தினயே என்றாள் பாட்டிக்காரி. நான் போகல என்று மறுபடி சொன்னது, இந்தத் தடவை உதடு பிதுங்கியது. ஹேமலதா பையிலிருந்து மாற்று ஜட்டி ஒன்றை எடுத்துக்கொண்டு, வா இங்க என்று குழந்தையை இழுத்து, கவுனைத் தூக்கிக் கையை வைத்துப் பார்த்தாள். வைத்த கை அப்படியே நின்றது. உலர்ந்த துணி கைக்குத் தெரியாமல் போகுமா. அவள் மெல்லத் தலையைத் திருப்பிக் கோகிலவாணியைப் பார்த்தாள், முகத்தை, பிறகு மடியில் அள்ளிப் போட்டிருந்த பட்டை, பிறகு மறுபடி முகத்தை. இப்போது சொல்லப்போகிறாள். இதோ சொல்லப்போகிறாள், செல்வராஜ் அண்ணன் வருவார், அடுத்த மெத்தைப் பெண்கள் எட்டிப் பார்ப்பார்கள், நாளைக்கு ஊழியர் சாப்பாட்டு அறையில் இதுதான் பேச்சு. ஹேமலதா சொல்லவில்லை. குழந்தையின் முதுகில் ஒன்று போட்டாள், வலிக்காத அடிதான், சத்தம் மட்டும் பெரிசு. அறிவிருக்குதா, சொல்றதுக்கு என்ன, வாயில்லயா உனக்கு என்று கத்தினாள், கத்தும்போது கண் குழந்தையைப் பார்க்கவில்லை. அவள் காப்பாற்றுகிறாள் என்று கோகிலவாணிக்குப் புரிந்தது. ஏன் என்று புரியவில்லை. வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், இன்னும் இரண்டு நிமிஷம், மஞ்சள் வைத்தாகிவிடும், எல்லோரும் பில் போடப் போய்விடுவார்கள். இனியா இப்போது பெரிசாக அழவில்லை, அதுதான் தாங்க முடியவில்லை. அது தன் கவுனைத் தானே பிடித்துப் பார்த்தது, முன்னால் பார்த்தது, பின்னால் பார்த்தது. இத்தனை பெரியவர்கள் சொல்கிறார்களே, ஒருவேளை நான்தானோ என்று தேடுகிற மாதிரி பார்த்தது. பிறகு தலையைக் குனிந்துகொண்டது. அந்தக் குனிவு கோகிலவாணிக்குத் தெரியும். கண்ணாடியில் பார்க்கிறாளே தினமும். பையனாவது சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டான், அவனுக்கு ஒன்றும் தெரியாது. இதற்குத் தெரிகிறது. மூன்று வயசில் இதன் தலையில் கொண்டுபோய் வைத்துவிட்டாள், இவள் தன் கேவலத்தை.

"பாப்பா இல்லீங்க்கா," என்றாள். விலை சொல்லுகிற அதே குரலில்தான் வந்தது, அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. "நாந்தான். தும்மினேன்ல, அதுல போயிருச்சு. பிள்ள பெத்ததுலருந்து இப்படித்தான் இருக்குது. பாப்பா போகல."

 சௌமியா மெத்தையில் ஊன்றியிருந்த கையை எடுத்துக்கொண்டாள். அவளுடைய அம்மா கொஞ்சம் பின்னால் நகர்ந்து உட்கார்ந்தாள். கோகிலவாணி பட்டை மடியிலிருந்து எடுத்து, ஈரம் படாமல் உயர்த்தி, காய்ந்த பக்கமாக வைத்தாள். பட்டுல படலீங்க, நல்லாப் பாருங்க என்றாள். எழுந்திருக்க வேண்டும், எழுந்தால் பின்புறம் முழுக்கக் கருநீலம், கடை முழுக்க வெளிச்சம், எழுந்திருக்க முடியவில்லை. இனியா மட்டும் அவளை உற்றுப் பார்த்தது. அழுகையை நடுவில் நிறுத்திக்கொண்டு, மூக்கை உறிஞ்சி, ரொம்ப யோசித்துவிட்டு அம்மா பக்கம் திரும்பியது.

"அம்மா, அந்த ஜட்டிய அக்காவுக்குக் குடும்மா."

ஹேமலதா சிரிக்கவில்லை. கையில் இருந்த சின்ன ஜட்டியைப் பைக்குள் போட்டாள். போட்ட கையை வெளியே எடுக்காமல், குழந்தையின் துணிகளுக்கும் பிஸ்கெட்டுக்கும் தண்ணீர் பாட்டிலுக்கும் அடியில், பையின் அடிவயிறு வரை விட்டுத் துழாவி, கருப்புக் கவர் ஒன்றை எடுத்தாள். அதில் ஒரு கருநீலப் பாவாடையும் ஒரு பேடும் மடித்து வைத்தபடி இருந்தன. தங்கையும் அம்மாவும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதைக் கோகிலவாணியின் மடியில் வைத்தாள். ஏசிக் குளிருக்குப் போர்த்தியிருந்த தன் சால்வையை உதறிப் பிரித்து, அவள் எழுந்திருப்பதற்குத் தோதாகப் பின்னால் விரித்துப் பிடித்தாள்.

"எனக்குன்னு வெச்சிருக்கறதுங்க," என்றாள். "மூணு வருசமாச்சு. இது இல்லாம நான் எங்கயும் கெளம்பறதில்ல."